பார வண்டிக்குப் புது டயர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், டெக்ஸாஸின் மேய்ச்சல் நிலங்களிலிருந்து மொன்டானாவின் மலையடிவாரம் வரையில், கிராமவாசிகளின் ஜீவனத்தோடு இணைபிரியாமல் கலந்துவிட்ட வாகனம் பிக்கப் டிரக். முன்புறம் காரைப்போல் நாலைந்து பேர் சௌகரியமாக உட்காரவும், பின்புறம் திறந்த தொட்டியில் சாமான்கள் ஏற்றவும் தக்கபடி அமைந்த இந்த வண்டிகளில், முக்கால் டன் என்றும் ஒரு டன் என்றும் பழைய வழக்கையொட்டி இன்றும் அழைக்கப்படுகிற பெரிய வகைகள் உண்டு. ஃபோர்டு எஃப்-250, ராம் 2500, செவ்ரலே சில்வராடோ 2500 முதலியவை முதல் வகை. எஃப்-350, ராம் 3500 போன்றவை இரண்டாம் வகை. பெயரிலுள்ள அளவைக் கொண்டு இவற்றின் சக்தியை மதிப்பிடலாகாது. அந்தப் பெயர்கள் ஏற்பட்ட காலத்துக்குப் பிறகு இயந்திரமும் அடிச்சட்டமும் மிகவும் வலுவடைந்து, இன்றைய முக்கால் டன் வண்டி தன் முதுகில் ஒரு டன்னுக்கு மேலும் ஏற்றிக்கொண்டு, பின்னால் ஐந்தாறு டன் எடையுள்ள டிரெய்லரையும் இழுத்துச் செல்கிறது. அந்த டிரெய்லரில் குதிரைகள் நிற்கலாம், வைக்கோல் கட்டுகள் இருக்கலாம், அல்லது கட்டிலும் அடுப்பும் குளியலறையும் கொண்ட ஒரு சிறு வீடே இருக்கலாம்.

இத்தகைய வண்டியின் டயர்கள் தேய்ந்து புதியவை வாங்க வேண்டிய நாள் வரும்போது, அதன் சொந்தக்காரர் கடையில் காணும் காட்சி மனத்தை மயக்கக்கூடியது. ஒரே அளவில் பல கம்பெனிகளின் டயர்கள் அடுக்கியிருக்கும். ஒன்றின் விலை மற்றொன்றின் விலையைப்போல் இரு மடங்கு இருக்கும். சிலவற்றின் மேற்பரப்பில் பருத்த பட்டன்கள் முரட்டுத்தனமாகத் துருத்திக்கொண்டிருக்க, சில சாதுவாக, நீளவாக்கில் ஓடும் வரிப்பள்ளங்களோடு மட்டும் இருக்கும். வண்டிக்கு ஒரு வீரத் தோற்றம் தரும் டயரின்மேல் கண் போவது மனித சுபாவம். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாரத்தை முதலிலும் பாதையை இரண்டாவதாகவும் வைத்து யோசித்து, அவ்விரண்டும் தீர்மானமான பிறகே விலையையும் தோற்றத்தையும் பற்றி நினைக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் கெடுவது பணம் மட்டுமன்று. ஒரு குடும்பமே அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது.

பாரத்தை உண்மையில் சுமப்பது எது என்பதைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே பார்க்க வேண்டும். காற்றடைத்த டயருக்கு ஜான் பாய்ட் டன்லப் 1888-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றது முதல் இன்றுவரை, வண்டியின் எடையைத் தாங்குவது டயருக்குள் இருக்கும் காற்றே. ரப்பரும், அதனுள் புதைந்த பாலியெஸ்டர் நூலிழைகளும், மேற்பரப்பின் அடியில் பட்டைகளாகச் சுற்றியிருக்கும் எஃகுக் கம்பிகளும் அந்தக் காற்றைச் சிறைப்படுத்தி வைப்பதற்காகவே இருக்கின்றன. அதிக அழுத்தத்தில் காற்றை அடக்கிவைக்க வல்ல உடற்கட்டு உள்ள டயர் அதிகப் பாரத்தைச் சுமக்கும், அவ்வளவுதான் சூக்ஷ்மம். ஆனால் அந்த உடற்கட்டு ஓயாமல் வேலை செய்கிறது. தரையைத் தொடும் இடத்தில் டயர் சற்றே தட்டையாகி, தரையை விட்டு நீங்கியதும் மறுபடி வளைந்துகொள்கிறது. பெரிய பிக்கப்பின் டயர் ஒரு மைலுக்கு அறுநூறு தடவைக்கு மேல் சுழல்வதால், மணிக்கு 60 மைல் வேகத்தில் அதன் ஒவ்வொரு பகுதியும் விநாடிக்குப் பத்துத் தடவை மடங்கி நிமிர்கிறது. அந்த மடக்கில் உஷ்ணம் பிறக்கிறது. பாரம் மிகுந்தாலும், காற்று குறைந்தாலும் மடக்கு ஆழமாகி, உஷ்ணம் ஏறி, ரப்பருக்கும் எஃகுப் பட்டைக்கும் இடையிலுள்ள பிடிப்புத் தளர்ந்து, ஒரு நிமிஷத்தில் மேல்தோல் முழுவதும் உரிந்து பறந்துவிடக்கூடும்.

இது வெறும் அனுமானமன்று. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஃபயர்ஸ்டோன் கம்பெனி புழக்கத்திலிருந்த சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவிக்க நேர்ந்தது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பொருத்தியிருந்த அந்த டயர்களின் மேல்தோல் ஓட்டத்திலேயே உரிந்து, வண்டிகள் உருண்டு, அமெரிக்காவில் மட்டும் 271 பேர் இறந்ததாகச் சாலைப் பாதுகாப்பு இலாகா கணக்கிட்டது. வெயில் மிகுந்த மாநிலங்களில்தான் விபத்துக்கள் அதிகம் நிகழ்ந்தன. டயரின் தயாரிப்பில் குறையா, ஃபோர்டு சிபார்சு செய்த, சதுர அங்குலத்துக்கு 26 பவுண்டு காற்று போதாமையா என்று இரண்டு கம்பெனிகளும் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டின. அவ்வாண்டு முடிவதற்குள் அமெரிக்கக் காங்கிரஸ் புதுச் சட்டம் இயற்றியது. டயரில் காற்றுக் குறைந்தால் ஓட்டுபவர் முன்னே விளக்கு எரிந்து எச்சரிக்கும் ஏற்பாடு புது வண்டிகளில் கட்டாயமானது அந்தச் சட்டத்தின் பயனே. ஆனால் பார வண்டிக்காரர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: மொத்த எடை 10,000 பவுண்டு, அதாவது சுமார் 4,536 கிலோ வரை நிர்ணயிக்கப்பட்ட வண்டிகளுக்கே அந்த விதி. அதற்கு மேற்பட்ட ஒரு டன் வண்டிகளும், பின்னச்சில் இரட்டைச் சக்கரம் உள்ளவையும் விதிக்குள் அடங்கமாட்டா. எச்சரிக்கை யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்குச் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை.

இனி டயரின் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து, பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பதைப் படிப்போம். 'எல்.டி. 275/70 ஆர் 18, 125/122 எஸ்' என்றிருக்கிறது. சற்றுத் தள்ளி, 'லோட் ரேஞ்ச் ஈ' என்றும் காண்கிறது. எல்.டி. என்பது இலகு ரக டிரக் வண்டிக்கென்று செய்த டயர் என்பதன் குறி. அகலம் 275 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம். ஆர் என்றால் ரேடியல். 18 அங்குல ரிம்மில் உட்காரும். 125 என்பதும் 122 என்பதும் பாரக் குறி எண்கள். சர்வதேச அட்டவணையில் 125-க்கு நேராக 1,650 கிலோவும் 122-க்கு நேராக 1,500 கிலோவும் இருக்கும். தனிச் சக்கரமாக ஓடினால் முதலாவது அளவு. பின்னச்சில் ஜோடியாக ஓடினால், ஒன்றின் பாரம் எதிர்பாராமல் மற்றதன்மேல் சாயக்கூடும் என்பதால், குறைவான இரண்டாவது அளவு. எஸ் என்ற எழுத்து மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்பதைச் சொல்கிறது. டிரெய்லர் இழுப்பவருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

ஈ என்ற எழுத்தைத்தான் கடைக்காரர்கள் 'பத்துப் பிளை' என்கிறார்கள். சி-க்கு ஆறு, டி-க்கு எட்டு, ஈ-க்குப் பத்து, எஃப்-க்குப் பன்னிரண்டு. பருத்தித் துணியை அடுக்கடுக்காக ஒட்டி டயர் செய்த காலத்தில் அந்த எண்ணிக்கை நிஜமான அடுக்குகளைக் குறித்தது. இன்றைய இழைகள் அத்தனை வலுவானவையாதலால் பத்துப் பிளை டயரின் பக்கச்சுவரில் இரண்டு அல்லது மூன்று அடுக்குகளே இருக்கும், பலம் மட்டும் பழைய பத்துக்கு ஈடு. நம் ஊர்த் தெருக்களில் 'குட்டி யானை' என்று செல்லப் பெயர் பெற்ற டாடா ஏஸ் வண்டியின் டயரிலும் '145 ஆர் 12 எல்.டி. 8 பி.ஆர்.' என்று இதே பாஷையில்தான் எழுதியிருக்கும். அதிலுள்ள 8 பி.ஆர். மேலே சொன்ன டி எழுத்துக்குச் சமானம்.

எழுத்துக்களைப் படிக்கத் தெரிந்த பிறகு, தம் வண்டிக்கு எவ்வளவு தேவை என்று கணக்கிடுவது எளிது. ஓட்டுபவர் பக்கத்துக் கதவைத் திறந்தால், கதவு மூடிப் பொருந்தும் தூணில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். முன்னச்சும் பின்னச்சும் தாங்கவல்ல உச்ச எடை, தொழிற்சாலையில் போட்ட டயரின் அளவு, அதற்குரிய காற்று ஆகியவை அதில் உண்டு. அந்தச் சீட்டில் கண்டதற்குக் குறைந்த பாரக் குறியுள்ள டயரை எந்தக் காரணத்தாலும் வாங்கலாகாது. இதைவிட நல்ல வழியும் இருக்கிறது. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் லாரிகள் தங்கிச் செல்லும் இடங்களில் பொது எடை மேடைகள் உள்ளன. வழக்கமாக ஏற்றும் சுமையை முழுவதும் ஏற்றி, டிரெய்லரையும் கோத்து, மேடையில் நிறுத்தினால், ஒவ்வோர் அச்சின் எடையும் தனித்தனியே அச்சிட்டுக் கிடைத்துவிடும். செலவு சொற்பம், கிடைக்கும் ஞானம் பெரிது.

உதாரணமாக, 12,000 பவுண்டு எடையுள்ள டிரெய்லர் ஒன்றை எடுத்துக்கொள்வோம்; அது சுமார் 5,440 கிலோ ஆகிறது. தொட்டியின் நடுவிலுள்ள கொக்கியில் மாட்டி இழுக்கும் வகையானால், அதன் எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை வண்டியின்மேல் நேராக இறங்கும். இருபது சதவீதம் என்று வைத்தால் ஏறக்குறைய 1,090 கிலோ, அநேகமாக முழுவதும் பின்னச்சின்மேல். காலி வண்டியின் பின்னச்சு எடை 1,300 கிலோ என்றும், மனிதர்களும் மூட்டைகளும் சேர்ந்து பின்னச்சுக்கு 150 கிலோ என்றும் கொண்டால், மொத்தம் 2,540 கிலோ. மேலே படித்த டயர்கள் இரண்டும் சேர்ந்து 3,300 கிலோ தாங்குமாதலால் நிம்மதியான இடைவெளி இருக்கிறது. இதே ரிம்மில் உட்காரக்கூடிய, பாரக் குறி 116 உள்ள கார் ரக டயர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அட்டவணைப்படி அது 1,250 கிலோ தாங்கும். ஆனால் கார் ரக டயரை டிரக்கில் மாட்டினால் அதன் பாரத்தை 1.10-ஆல் வகுத்துக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது அமெரிக்க விதி. அப்போது ஒன்றுக்கு 1,136 கிலோவும், இரண்டுக்கும் சேர்த்து 2,272 கிலோவுமே தேறும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் கறுத்துப் பளபளக்கும். ஒன்று பாரத்தைக் கரை சேர்க்கும், மற்றது நடு வழியில் கைவிடும். முன்னச்சை மறந்துவிட வேண்டாம்: டீசல் இயந்திரமே அரை டன் அளவுக்குக் கனக்கும், சுமை ஏற்றாத நாளிலும் அது அங்கேயே இருக்கிறது.

காற்றைப் பற்றி முன்பு சொன்னதற்கு இங்கே ஒரு பின்குறிப்பு வேண்டும். 1,650 கிலோ என்பது சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு அழுத்தத்தில், டயர் குளிர்ந்திருக்கையில் செல்லும் கணக்கு. காற்றை 50 பவுண்டுக்கு இறக்கிவிட்டால் சுமக்கும் திறனில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். காலி வண்டியில் 80 பவுண்டு வைத்தால் கல்லின்மேல் உருள்வதுபோல் தூக்கிப் போடுகிறது என்று சொல்லிப் பலர் குறைக்கிறார்கள். அது நியாயமே, டயர் கம்பெனியின் பார அட்டவணையைப் பார்த்துக் குறைத்தால். ஆனால் டிரெய்லர் கோக்கும் நாளில் மறுபடி ஏற்றுவதற்கு மறந்துபோனால் அத்தனை கணக்கும் வீண். இன்னொரு சிறு பொருள், விரல் அளவே உள்ளது, அநேகரும் கவனிக்காதது: வால்வு. கார்களில் போடும் சாதாரண ரப்பர் வால்வு 65 பவுண்டு வரைக்கே தகுதி பெற்றது. 80 பவுண்டு தாங்கும் டயரை வாங்கி, அதில் 65 பவுண்டு வால்வைப் பொருத்திக்கொண்டு வருவது பரிதாபம். உலோகத் தண்டுள்ள உயர் அழுத்த வால்வைக் கேட்டு வாங்க வேண்டும். ரிம்முக்கும் உச்ச பாரம், உச்ச அழுத்தம் உண்டு. அலங்கார ரிம் மாட்டியவர்கள் அதன் உட்புறத்தில் பொறித்திருப்பதைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

பாரம் தீர்ந்தது, இனிப் பாதை. நெடுஞ்சாலைக்கென்று செய்த டயரில் நீண்ட வரிகளும் நெருக்கமான பட்டன்களும் இருக்கும். சப்தம் குறைவு, டீசல் குறைவு, ஈரமான தார்ச்சாலையில் பிடிப்பு அதிகம், தேய்மானம் சீராக இருக்கும். எல்லா நிலத்துக்கும் ஏற்றது என்ற வகையில் பட்டன்கள் பெரிதாகி, இடைவெளி அகன்று, கூர்மையான சரளைக் கல் குத்திக் கிழிக்காதபடி ரப்பர் கெட்டியாக இருக்கும். சேற்றுக்கென்று செய்ததில் இடைவெளிகள் மிக அகலம். சேற்றைத் தானே உதறித் தள்ளும். ஆனால் தார்ச்சாலையில் ஓயாமல் இரைந்து, மழையில் வழுக்கி, விரைவில், சீரில்லாமல் தேயும். பண்ணை வீட்டிலிருந்து பத்து மைல் சரளைப் பாதையில் தினமும் போய்வருகிறவர் இரண்டாவது வகையை எடுத்தால் அவர் செய்தது புத்திசாலித்தனம். நூற்றுக்குத் தொண்ணூறு மைல் தார்ச்சாலையில் டிரெய்லரை இழுப்பவருக்கு முதல் வகையே உத்தமம் என்பது என் உறுதியான கருத்து. மூன்றாவது வகை, சேற்றிலே வேலை செய்து பிழைக்கிறவர்களுக்கு மட்டும். தேவைக்கு மேல் முரடான டயர் வாங்குகிறவர், அந்தத் தோற்றத்துக்காக ஒவ்வொரு நாளும் டீசலாகவும் பிரேக் பிடிக்கும் தூரமாகவும் விலை கொடுத்துக்கொண்டே இருக்கிறார்.

பனி பொழியும் நாட்டில் இன்னொரு அடையாளத்தைத் தேட வேண்டும். 'எம் + எஸ்' என்ற எழுத்துக்கள் பட்டன்களின் அமைப்பைப் பார்த்துக் கம்பெனியே போட்டுக்கொள்வது. மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள் ஒரு பனிப்பூவுமாக உள்ள முத்திரையோ, 1999 முதல், பனியில் ஓட்டிப் பரீட்சித்துத் தேறிய டயருக்கே உரியது. ஏழு டிகிரி செல்சியஸுக்குக் கீழே உஷ்ணம் இறங்கினால் சாதாரண ரப்பர் விறைத்துவிடுகிறது. குளிர்கால டயரின் ரப்பர் இளகியே இருக்கும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரையில் கார்களுக்குக் குளிர்கால டயர் கட்டாயம் என்று சட்டமே இருக்கிறது.

ரப்பரைப் பற்றிப் பேசும்போது தமிழ் வாசகர்களுக்குச் சொல்லாமல் விடக்கூடாத ஒரு விஷயம் உண்டு. செயற்கை ரப்பர் எவ்வளவோ முன்னேறியும், உஷ்ணத்தையும் கிழிசலையும் தாங்குவதில் மரப்பாலிலிருந்து எடுக்கும் ரப்பருக்கு நிகரில்லை. ஆகையால் டயர் சுமக்கும் பாரம் கூடக் கூட இயற்கை ரப்பரின் பங்கும் கூடுகிறது. 1876-இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து கொணர்ந்த விதைகள் லண்டனின் கியூ தோட்டத்தில் முளைத்து, இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்து தோட்டங்களாகப் பெருகியபோது, விடியற்காலை இருட்டில் எழுந்து மரம் மரமாகச் சென்று பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர்களில் மிகப் பலர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போன கூலி ஜனங்கள். உலகத்தின் சக்கரங்களை உருட்டியதில் அவர்களுடைய உழைப்புக்கு உள்ள ஸ்தானத்தை எந்தப் பக்கச்சுவரும் பொறித்து வைக்கவில்லை.

அந்த ரப்பருக்கும் வயது உண்டு. டி.ஓ.டி. என்று தொடங்கும் நீண்ட எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் பிறந்த நாளைச் சொல்லும்: 3224 என்றால் 2024-ஆம் ஆண்டின் 32-ஆம் வாரம். அந்த எண் முழுமையாக ஒரு பக்கச்சுவரில் மட்டுமே இருக்கலாமாதலால், காணாவிட்டால் உட்பக்கம் தேட வேண்டும். ஓடாமல் கிடங்கில் கிடந்தாலும் ரப்பர் இறுகுகிறது. ஆறு வருஷத்துக்கு மேல் ஆன டயரை மாற்றிவிடச் சொல்கிறது ஃபோர்டு. சில டயர் கம்பெனிகள் பத்து வருஷத்தை உச்ச வரம்பாக வைக்கின்றன. கடையில் புதிதென்று தரும் டயர் இரண்டு வருஷத்துக்கு மேல் பழையதாக இருந்தால் வேறு கேட்பதில் கூச்சம் வேண்டாம். விலை குறைவென்று பிறர் ஓட்டிக் கழித்த டயரைப் பார வண்டிக்கு வாங்குவதை நான் ஒருபோதும் சிபார்சு செய்யமாட்டேன்; அது காற்றில்லாமல் எத்தனை மைல் ஓடியது என்பதை எந்த எழுத்தும் சொல்லாது.

நான்கையும் ஒருங்கே மாற்றுவதே முறை. நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியில் டயர்களின் விட்டம் வேறுபட்டால் கியர்ப் பெட்டிகள் ஒன்றோடொன்று மல்லாடிக் கெடும். இரண்டு மட்டும் வாங்க முடிந்தால், புதியவை பின்னச்சுக்கே போக வேண்டும். ஈரச் சாலையில் பின்புறம் வழுக்கினால் வண்டியை மீட்பது அரிது. இரட்டைச் சக்கரத்தில் ஜோடியாக ஓடும் இரண்டின் விட்டமும் கால் அங்குலத்துக்கு மேல் வேறுபடலாகாது; பெரியது எல்லாப் பாரத்தையும் தானே சுமந்து சீக்கிரம் அழியும். மாட்டிக்கொண்டு வந்தபின் ஐம்பது முதல் நூறு மைல் ஓடியதும் சக்கர நட்டுகளைக் குறித்த அளவுக்கு மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும்.

தொட்டியின் அடியில் தொங்கும் ஸ்டெப்னியையும் அன்றைக்கே கீழே இறக்கிப் பாருங்கள். மற்ற நான்குக்கும் உள்ள அதே பாரக் குறியும், அதே 80 பவுண்டு காற்றும் அதற்கும் இருக்க வேண்டும். பத்து வருஷத்துக்கு முந்திய தேதி அதில் கண்டால், பட்டன் ஒன்றுகூடத் தேயாமல் இருந்தாலும், ஐந்தாவது டயர் ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.